பளபளக்கும் ஒரு போல்ட்

வேன்காரர், உதிரிபாகக் கடையின் மேசைமேல் துணியை விரித்து, பின் அச்சின் பல்சக்கரங்களை மூடும் டிஃபரன்ஷியல் மூடியிலிருந்து கழற்றிய பத்து போல்ட்டுகளையும் வரிசையாக வைக்கிறார். ஒன்பது துருவேறிக் கறுத்திருக்கின்றன; ஒன்று மட்டும் பளபளக்கிறது. வாசல் வெயிலும் அதன் தலையில்தான் விழுகிறது. அது எந்த ஓட்டையில் இருந்தது என்று அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன் தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறார். "இந்த மூடிமேல ஒரு ஸ்பானர் பட்டதில்ல மாப்ளே" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்து, போன மாதம் இவருக்கு வேனை விற்றவர். கடைக்காரர் துருப்பிடித்த ஒன்றை எடுத்து நட்டில் திருகிப் பார்க்கிறார். "பத்தும் இதே அளவுதானே?" வேன்காரர் ஓரக்கண்ணால் மச்சானைப் பார்க்கிறார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அடியில வர்றது மட்டும் கொஞ்சம் தடிமனா குடுங்க. அந்த ஓட்டைல மரை தேஞ்சு போயிடுச்சு." சொன்ன வாய் சொன்னபடியே திறந்திருக்கிறது. குவளை உதட்டருகே அசையாமல் நிற்கிறது. வேன்காரர் பளபளக்கும் போல்ட்டை எடுத்து, நிதானமாகத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். "இது இருக்கட்டும் மச்சான். உங்க தங்கச்சிகிட்ட காட்டணும்."