சாவித் துவாரம்

"அண்ணன் கடலோட போய் மூண்டு மாசம். அண்ணிக்கு இப்ப பட்டன் அமத்திக் கார் ஓட்ட ஆசை வந்திருக்கு!"

மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே பஸ்தியான் தொடங்கிவிட்டான். கராஜில் டயர் மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனுடைய அண்ணி யூஜீனியா காருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

காருக்குள் மல்லாந்து கிடந்து வயர் பூட்டிக்கொண்டிருந்த நௌஃபர்தான் தலையை நீட்டினான்.

"அல்லாவுக்காகக் கொஞ்சம் மெதுவாக் கதைங்க அண்ணே. ரோட்டுக்குக் கேக்குது."

"கேக்கட்டும். கற்பிட்டி முழுக்க இந்தக் கதைதானே. நீயே சொல்லு நௌஃபர். சாவி இல்லையெண்டா என்ன செய்யோணும்? பழைய பூட்டைக் கழற்றி எறிஞ்சிட்டுப் புதுசு ஒண்டு போட்டா விசயம் முடிஞ்சுது. இல்லையா?"

"நானும் அதத்தான் முதல்ல சொன்னன். கொஞ்சக் காசோட போயிரும் எண்டன். அக்காதான் வேணாமெண்டுட்டா."

"வேணாமாம்! கையில கிடந்த காப்பை வித்துப் பட்டன் பூட்டுறாவாம். பவுசு!"

யூஜீனியாவின் வெறுங்கை கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

அது இரண்டாங்கையாக வாங்கிய கார். வாங்கிய நாளிலிருந்தே ஒரே ஒரு சாவிதான். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும்போது அவள் கணவன் யாகப்பு காரைக் கரையில் தென்னைக்கடியில் விட்டுவிட்டு, கழுத்தில் கிடக்கும், மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றில் சாவியையும் சேர்த்து முடிந்துகொள்வான். "மாதாவோட கட்டினா தொலையாது" என்பான்.

அன்றைக்கும் அப்படித்தான் முடிந்துகொண்டு, மழைத் தூறலோடு தனியாகப் போனான். நாலாம் நாள் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. ஆள் வரவில்லை. கார் மட்டும் மூன்று மாதம் அதே தென்னைக்கடியில், உப்புக்காற்றில் நின்றது. இன்று காலையில்தான் லொறியில் கட்டி இங்கே இழுத்து வந்தார்கள்.

பஸ்தியான் குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்கு அண்ணன்ட ஆத்துமத்துக்குப் பூசை. ஃபாதரிட்டப் பேர் குடுத்தாச்சு. சிலாபத்தில இருந்தும் சனம் வருது. மாலை போட ஒரு படம் கேட்டு ஒரு கிழமையா நடக்கிறன். இப்பவாவது தாங்க அண்ணி."

"படம் இல்ல பஸ்தியான்."

"கலியாணப் படம் சுவரில தொங்குதே!"

"அது அங்கயே தொங்கட்டும்."

"சரி. நீங்களாவது பூசைக்கு வருவீங்களா?"

"நாளைக்குப் புத்தளம் சந்தைக்குக் கருவாடு கொண்டு போகோணும். மூண்டு மாசமா பஸ்ஸில சுமந்தது போதும்."

டயர்க்காரர்களில் ஒருவன் உச்சுக்கொட்டினான்.

"கேட்டியா நௌஃபர்? புருசன்ட பூசையை விட இவவுக்குச் சந்தை பெரிசு!"

நௌஃபர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். சின்ன ரிமோட் ஒன்றை யூஜீனியாவிடம் நீட்டினான்.

"இத எடுத்து ஹேண்ட்பேக்ல போடுங்க அக்கா. இது உள்ள இருந்தாத்தான் கார் ஸ்டார்ட் ஆகும். ஏறி பிரேக்கை மிதிச்சிட்டுப் பட்டனை அமத்திப் பாருங்க."

அவள் ஏறி அமத்தினாள்.

இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு எழுந்தது. கூடவே, யாரும் தொடாமலே வைப்பரும் ஆடத் தொடங்கியது. அன்றைக்கு மழையில் வந்து இறங்கியவன் அதை நிறுத்தாமல் போயிருந்தான். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச், கிறீச்சென்று தேய்த்தது.

நௌஃபர் நிறுத்தக் கையை நீட்டினான்.

"கொஞ்ச நேரம் ஆடட்டும் தம்பி" என்றாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். பிறகு, தொண்டையைச் செருமினான்.

"இனி ஒரு வேலைதான் அக்கா. பழைய சாவித் துவாரத்துக்குப் போற வயரை வெட்டி விடோணும். அப்பதான் முழுப் பாதுகாப்பு. இல்லாட்டி அந்தச் சாவி எவன் கையில கிடைச்சாலும் காரை எடுத்துட்டுப் போயிருவான்."

"வெட்ட வேணாம். ரெண்டும் வேலை செய்யட்டும்."

"இவ்வளவு செலவழிச்சதுல அர்த்தம் இல்லாமப் போயிருமே அக்கா."

"பரவாயில்ல. அந்தத் துவாரத்துக்குள்ள ஒரு சொட்டு எண்ணெயும் விடுங்க தம்பி. உப்புப் பிடிச்சு இறுகியிருக்கும்."

பஸ்தியானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பல்ல.

"சாவி கிடக்கிறது கடலுக்குள்ள. சாவி இல்லாத ஓட்டைக்கு எண்ணெயாம்! அண்ணி, இந்த ஓட்டையை வச்சிருக்கவா புதுப் பூட்டு வேணாமெண்டனீங்க?"

"ஓம்."

முதல் தடவையாக அவள் பஸ்தியானை நிமிர்ந்து பார்த்தாள். வைப்பர் ஆடிக்கொண்டேயிருந்தது.

"பூட்டை மாத்தினா உங்கட அண்ணன்ட சாவி பிறகு இதுக்குள்ள போகாதே பஸ்தியான். எந்தக் கரையில ஏறி, எண்டைக்கு வாறாரோ தெரியாது. வந்து நிக்கேக்க அவர்ட கழுத்தில இருக்கிறது அந்த ஒரு சாவிதானே?"