ஒரே ஓர் இடம்

ஒலியியலில் உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஒரே ஓர் இடம். கணவன், மனைவி இருவருமே விண்ணப்பித்திருக்கிறார்கள். தேர்வானவருக்கு இன்று போன் வரும். மேசையில் இருவர் போன்களும் தோளோடு தோள் கிடக்கின்றன. ஜன்னல் வெயில் அவற்றின் கண்ணாடியில் பட்டு, கூரையில் இரண்டு சதுரங்களாக நிற்கிறது. அவள் துடைத்த டம்ளரையே மறுபடி துடைக்கிறாள். அவன் நகத்தைக் கடித்துத் துப்புகிறான். திடீரென்று மேசை உறுமுகிறது. இருவருக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. அழைப்பது அவன் அம்மா. "என்னடா ஆச்சு?" "வைம்மா, அவங்க கூப்பிடுற நேரம்!" மறுபடியும் உறுமல். "உன்னுதுதான். மேசைல உன் போன் அதிர்ற சத்தமே வேற," என்கிறான், திரும்பிப் பார்க்காமலே. அவளுக்குக் கை எழவில்லை. அவனே எடுத்து அவள் காதில் வைக்கிறான். "வாழ்த்துகள்" என்ற குரல் அவனுக்கும் கேட்கிறது. அவன் முகமெல்லாம் சிரிப்பு. போனைப் பிடித்திருக்கும் கையின் நடுக்கத்தை மட்டும் அவள்தான் பற்றி நிறுத்த வேண்டியிருக்கிறது.