பதினொரு மணிச் சண்டை

"ரெண்டு போர்க்கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தினாப் போதும் வே, மலையில இருக்கவன் தன்னால இறங்கி ஓடிருவான்" என்றார் ஓய்வுபெற்ற கடற்படை கமாண்டர் அகமது மீரான்.

ஓய்வுபெற்ற பிரிகேடியர் வெங்கட்ரமணனுக்கு மூக்கு சிவந்தது.

"பதினாறாயிரம் அடி ஓய் அது! கப்பலை உம்ம தலையில வச்சுத் தூக்கிண்டு போவீரா?"

தொண்ணூற்றொன்பது ஜூன். கார்கிலில் நடந்த சண்டையின் கிளை ஒன்று, பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில், பிரிகேடியர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தினமும் நடந்தது.

கவிழ்த்துவைத்த காபி டம்ளர்கள் சிகரங்கள். மிக்சரிலிருந்து பொறுக்கிய கடலைகள் எதிரிகள். மீரான் டவுணிலிருந்து வாங்கிவந்த அல்வா பனிச்சரிவு. நெய் வழிந்ததால் அது நிஜமாகவே வழுக்கியது.

இரண்டு பேருமாகச் சேர்ந்து அறுபத்தைந்து வருஷம் நாட்டைக் காத்தவர்கள். ஆனால் அந்த மேஜையில் யார் உத்தரவும் செல்லாது. பிரிகேடியர் இரண்டு நாள் திட்டம் போட்டு வளைத்த எதிரிகளை மீரான் பேச்சுவாக்கில் வாயில் போட்டுக்கொண்டுவிடுவார்.

நிஜ மலைகளில் ஏதோ ஒன்றில்தான் பிரிகேடியரின் ஒரே மகன் கேப்டன் ஸ்ரீசரண் இருந்தான். அவனிடமிருந்து கடிதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது.

தபால்காரர் பிச்சைக்கண்ணு பதினொரு மணிக்குத் தெருவுக்குள் நுழைவார். முதல் வாரம் பிரிகேடியர் பத்தரைக்கே கேட்டில் போய் நின்றார். பிச்சைக்கண்ணு கையை விரித்துவிட்டுப் போனால், அப்புறம் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. யாரோடும் பேசவும் மாட்டார். மனைவி ஜயலக்ஷ்மிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நல்லவேளையாக மீரான் வர ஆரம்பித்தார். அதிலிருந்து பிரிகேடியருக்குக் கேட்டுக்குப் போக நேரமே கிடைக்கவில்லை.

மணி பதினொன்று.

"சரி, கப்பல் வேணாம்" என்று இறங்கிவந்தார் மீரான். "அங்கன சிந்து நதி ஓடுதுல்லா? நாலு படகை விட்டுப் பாப்போம்."

பிரிகேடியர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். ஒரு சிகரம் சாய்ந்தது. எதிரிகள் தரையெங்கும் சிதறினார்கள்.

மூச்சு முட்டும் உயரம், கயிறு கட்டிப் பின்பக்கமாக ஏறும் முறை, பீரங்கியை நிறுத்த வேண்டிய இடம் என்று அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடற்படைக்கு மூளை என்ற ஒன்றே கிடையாது என்றும் சொன்னார். மீரான் அதற்குப் பலமாகத் தலையாட்டினார்.

தெருவில் சைக்கிள் மணி அடித்தது. எதிர்வீட்டுக்கு ஏதோ கல்யாணப் பத்திரிகை. பிச்சைக்கண்ணு தலையைக் குனிந்தபடி இவர்கள் கேட்டைத் தாண்டிப் போனார்.

பிரிகேடியர் அப்போது மேஜைக்கு அடியில் இருந்தார். கடலை பொறுக்கிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்கு மீரான் தோல்வியை ஒப்புக்கொண்டு கிளம்பினார். ஜயலக்ஷ்மி கேட் வரைக்கும் கூட வந்தாள்.

"நாளைக்கு என்ன அண்ணா?" என்றாள் ரகசியமாக.

"நீர்மூழ்கிக் கப்பல். மனுஷன் கொதிச்சிருவாரு பாரு தங்கச்சி."

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரிகேடியர் கடலைகளைத் தூசி ஊதி மறுபடி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"மீரானை நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லு" என்றார். "இன்னிக்கு மணிச் சத்தம் காதுல விழுந்துடுத்து."