முதல் வரிசை

"மொதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க! போட்டா எழுபது வயசு தெரியுது. பொண்ணுக்கு அப்பாவா, தாத்தாவான்னு கேக்கப் போறாங்க."

தங்கபுஷ்பம் சொன்னதும் வேதநாயகம் மறுபேச்சில்லாமல் கண்ணாடியைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தார். சாந்தோமில் மீன்வலைக் கடை வைத்திருக்கும் அவர், மனைவி பேச்சைக் கேட்டது கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. பின்னே? பெண் பார்க்க வருவது அடையாறு வரன். ஜெபக்கூட்டத்தில் விசாரித்து, தங்கபுஷ்பமே பிடித்துக்கொண்டு வந்த வரன்.

அழைப்பு மணி அடித்தது.

முறுக்கு மீசையும் பட்டு வேட்டியுமாக மரியசெல்வம் உள்ளே வந்தார். பின்னாலேயே காஞ்சிபுரம் சரசரக்க அவர் மனைவி. கண்ணாடி இல்லாமல் மசமசவென்று தெரிந்தாலும், பெரிய இடம் என்பது மட்டும் வேதநாயகத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"வாங்க, வாங்க சம்பந்தி! பையன் வரலையா?"

"அவன் டொராண்டோவுல இருக்கான். நாங்க பார்த்துச் சொன்னா போதும்" என்றார் மரியசெல்வம்.

அவர்கள் சோபாவில் உட்காரும் வரைகூட வேதநாயகத்துக்குப் பொறுமை இல்லை. அலமாரிக்கு ஓடினார்.

"இத்தப் பாருங்க. மொத வருஷம், சிறந்த இயக்குநர். இது ரெண்டாவது வருஷம், சிறந்த நாடகம். பன்னண்டு நாடகம், பன்னண்டு ஷீல்டு! எல்லாம் எங்க ஜெனிதா காலேஜ்ல போட்ட நாடகத்துக்கு. ஹாலே எழுந்து நின்னு கை தட்டிச்சாம்!"

"தட்டிச்சாமா? நீங்க பார்க்கலையா?" என்றாள் அந்த அம்மாள்.

"எங்கம்மா நேரம்? சீசன்னா கடையில கூட்டம். மீன்பிடித் தடைக்காலம்னா வலை பின்னக் குடுக்கணும். ஆனா பொண்ணு பாசக்காரி. ஒவ்வொரு தடவையும் முதல் வரிசையில எனக்கு ஒரு சீட்டு பிடிச்சு வெச்சுடும்."

"அதுல யார் உக்காருவா?"

"என் ஹேண்ட்பேக்கு" என்றாள் தங்கபுஷ்பம், சமையலறை வாசலிலிருந்து.

வேதநாயகம் முறைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த போட்டோவை எடுத்து நீட்டினார். "போன மாசம் எடுத்தது. நடுவுல நிக்கிறது ஜெனிதா. சுத்தி நிக்கிறதெல்லாம் யாரோ, கூட நடிச்ச பசங்க."

மரியசெல்வம் வெகுநேரம் பார்த்தார். "பசங்க முகத்துல இன்னா களை! அதுவும் இந்த ராஜா வேஷம் போட்ட பையன்... பின்னாடி பெரிய ஆளா வருவான்."

ஜெனிதா காபித் தட்டோடு வந்தாள். நிமிர்ந்து ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள். மரியசெல்வம் சட்டென்று முதுகை நிமிர்த்தித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மகளுக்குக் கிடைத்த அந்த மரியாதையில் வேதநாயகம் உருகிப் போனார்.

"காபி ஆறட்டும்" என்றார் மரியசெல்வம். "எங்களுக்கு நகை வேணாம், சீர் வேணாம்."

வேதநாயகத்துக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஓர் அடி உயர்ந்த மாதிரி இருந்தது.

"ஆனா ஒண்ணு. எங்க வம்சத்துல ஒரு டிகிரியோட நின்னவங்க கிடையாது. மருமக நாடகத்துலயே மேல்படிப்பு முடிச்சிருக்கணும். ரெண்டு வருஷம்தானே? காத்திருக்கோம்."

"நாடகத்தைப் படிக்க ஒரு காலேஜா? கூத்தாடவா உன்னைப் பெத்தேன்?" என்று நேற்றுதான் பாண்டிச்சேரி பல்கலைக்கழக நாடகத் துறைப் படிவத்தை மகளின் முகத்துக்கு நேரே தூக்கி எறிந்திருந்தார் வேதநாயகம். ஜெனிதா ராத்திரி சாப்பிடவில்லை.

"அட, நானும் இத்தத்தானே சொல்லிக்கினு இருக்கேன்!" என்று இப்போது தொடையில் தட்டினார். "ஜெனி! அந்த பாண்டிச்சேரி ஃபாரம் எங்கம்மா? நாளைக்குத்தானே கடைசி நாள்?"

"நீங்கதானேப்பா வேணாம்னு..."

"சும்மா இரு. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே. எங்க கையெழுத்து போடணும், சொல்லு!"

அவள் விரல் வைத்த இடத்தில் எல்லாம் போட்டார். மூன்று கையெழுத்து. ஜெனிதாவின் கண்கள் கலங்கியிருந்தன. கல்யாணக் களை என்று நினைத்துக்கொண்டார்.

மரியசெல்வம் காபியை ஒரே மடக்கில் குடித்தார். அடுத்த கணம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இவருக்கு ஏப்பம் வந்தா இப்படித்தான்" என்று அவசரமாகச் சொன்னாள் அவர் மனைவி. "நாங்க இன்னைக்கே ஒரு வேலையாப் பாண்டிச்சேரி போறோம். ஃபாரத்தை நாங்களே குடுத்துடறோம்."

"லிஃப்ட் வரைக்கும் விட்டுட்டு வரேன்ப்பா" என்று ஜெனிதாவும் கூடவே ஓடினாள்.

"பார்த்தியாடி?" வேதநாயகம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அடையாறையே ஒரு காபியில கவுத்துட்டேன்! இன்னா பேச்சு பேசினேன், பார்த்தியா?"

"பார்த்தேன், பார்த்தேன். இந்தாங்க, இனிமே போட்டுக்கலாம்" என்று தங்கபுஷ்பம் கண்ணாடியை நீட்டினாள்.

மாட்டிக்கொண்டு, மரியசெல்வம் குடித்த டம்ளரைக் குனிந்து எடுத்தவர், குனிந்தபடியே நின்றார். டம்ளர் விளிம்பில் பாதி மீசை ஒட்டிக்கொண்டிருந்தது. அதே மீசை, சோபாவில் கிடந்த போட்டோவில் ராஜா வேஷக்காரனின் உதட்டுக்கு மேல் முழுசாக முறுக்கி நின்றது.

தங்கபுஷ்பம் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பதிமூணாவது நாடகம்ங்க. இதையாவது முதல் வரிசையில உக்காந்து பார்த்தீங்களே!"