பன்னிரண்டு முடிச்சு

சுவரில் பதித்த பேட்டரிப் பெட்டியில் பதினொரு சதவீதம் என்று எண் எரிந்தது. காலையில் அது இருபது. புயலில் கரண்ட் போய் மூன்று நாள். மனைவி சலேத்துக்கு மூக்குக் குழாயில் காற்று தரும் இயந்திரம் இந்தப் பெட்டியால்தான் ஓடியது. சூசை ஃபேனை நிறுத்தினார், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார், மறுபடி வந்து எண்ணைப் பார்த்தார். சுவருக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கலாம் என்பதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

“மொறைச்சா ஏறிடுமாக்கும்,” என்றாள் சலேத், மூச்சுக்கு நடுவே.

“பேசிப் பேசிக் காத்த வீணாக்காத.”

மகள் போனில் வந்தாள். “மழையிலயும் கொஞ்சம் ஏறணுமேப்பா. மாடியில சோலார் தகட்டை எதுவும் மூடியிருக்கா?”

சூசை போனைக் கட்டிலில் போட்டார். கரண்ட் சாமான் நனையக் கூடாதென்று புயலுக்கு முந்தின நாள் அவர்தான் தார்ப்பாயைப் போர்த்தி, படகுக் கயிற்றால் பன்னிரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்.

படியேறி ஓடினார். மேகம் விலகி, தார்ப்பாய் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நனைந்து இறுகிய கயிறு விரலுக்கு இளகவில்லை. சூசை போட்ட முடிச்சு புயலுக்கும் அவிழாது என்று கரையில் பேச்சு உண்டு. கீழே, கரண்ட் தீரப்போகிறது என்று இயந்திரம் விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது. அவர் மண்டியிட்டு முதல் முடிச்சில் பல்லை வைத்தார்.