ஏழு கையெழுத்து

சனிக்கிழமை மேனேஜர் அறையிலிருந்து, கூட வேலை பார்க்கும் பிரேமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததைத் தனுஜா பார்த்தாள். அப்போதே பிடித்து நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேனே என்று திங்கட்கிழமை காலையில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்னே என்ன? ஹட்டன் டவுனில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி நடக்கிற லட்சணத்தைக் கொழும்புத் தலைமை ஆபீசுக்கு எழுதிவிடுவதென்று ஏழு பேர் ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள். பாத்ரூம் போனாலும் நிமிஷக் கணக்கு. தனுஜாவின் ஊரான அக்கரப்பத்தனைக்குக் கடைசி பஸ் போன பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள். கேட்டால், "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று ஒரு பசப்பு வேறு!

சனிக்கிழமை சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டு, தனுஜாதான் கடிதத்தை எழுதி முடித்தாள். திங்கட்கிழமை ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் மேனேஜர் திலக்ஷன் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"கடைக்கார மஃறூப் மகன் இர்ஷாத்..." என்று ஆரம்பித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். இவள்தான் காட்டிக் கொடுத்திருக்கிறாள் என்று தனுஜா பிரேமினியைப் பார்த்து முறைத்தாள்.

ஆறாவதாக வாசித்த பெயர் பிரேமினி! தனுஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழாவதாகத் தன் பெயர் வருமென்று காத்திருந்தாள். அவர் சீட்டை மடித்துவிட்டார்.

"கம்பெனிக்கு எதிரா கடிதமா? நீங்க ஆறு பேரும் இன்னையோட வர வேணாம். தனுஜா, நீங்க இருங்க. இனிமே நீங்கதான் டீம் லீடர்."

தனுஜா படியில் ஓடிப்போய்ப் பிரேமினியின் கையைப் பிடித்தாள். "நீதான் சொல்லிக் குடுத்துட்டேன்னு நெனச்சிட்டேன்டி. சனிக்கிழமை உள்ளுக்குப் போனியே..."

"அம்மா ஆஸ்பத்திரியில கெடக்குது, லீவு கேட்டேன். தரமாட்டேன்னுட்டாரு, அழுதுட்டு வந்தேன்." பிரேமினி கையை உதறினாள். "நடிக்காத. எங்க ஆறு பேரையும் வித்துத்தானே டீம் லீடர் ஆயிட்ட?"

"சத்தியமா நான் இல்லடி!"

"அப்போ உன் பேரு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?"

தனுஜா இர்ஷாத் பக்கம் திரும்பினாள். இர்ஷாத் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனான். பள்ளிக்கூடத்திலிருந்தே கூடப் படித்தவன், ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த அப்பா செல்லசாமி, கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னாம்மா? ஒன்னையும் வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்லப்பா, என்னைய மட்டுந்தான் வச்சிருக்காங்க. எந்தப் பாவியோ காட்டிக் குடுத்துட்டான். ஆறு பேரும் என்னையத்தான் துரோகிங்கிறாங்க. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு நானும் நின்னுர்றேன். அப்பத்தான் நம்புவாங்க."

செல்லசாமி பதறிப்போனார்.

"கிறுக்கச்சி மாதிரி பேசாத புள்ள! நீ போன்ல பேசுனதக் கேட்டுட்டு, நேத்து ஹட்டனுக்குப் போயி, ஒங்க மேனேஜர் தொர வீட்டு வாசல்ல ரெண்டு மணி நேரம் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அந்த ஆறு பேரு பேரையும் ஒப்பிச்சுத்தானே ஒன்னையக் காப்பாத்தியிருக்கேன்!"