ஆறு புள்ளிகள்

“நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணி வச்சிருக்கே?”

பேராசிரியர் அருள்முருகன் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே அடங்கிப்போனது.

காத்தாயி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். உதவியாளாகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

“நல்லதாப் பாத்துத்தான் சார் எடுத்தேன். எல்லாம் வெள்ளை வெளேர்னு...”

“அதான் தப்பு.”

கீழப்பழுவூர் ரைஸ் மில்லில் பத்து வருஷம் அரிசியில் கல் பொறுக்கியவள். அரிசியில் வெள்ளைதான் உசத்தி. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

அரியலூர், பெரம்பலூர் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். அங்கே காரை என்ற கிராமத்தில் வெட்டி வந்த களிமண்ணைக் கழுவினால், அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் கிடைக்கும். கடுகைவிடப் பொடி. ஒவ்வொரு அடுக்கு மண்ணின் ஓடுகளுக்கும் ஒரு தட்டு. அதைச் சோதித்து, அன்றைக்குக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

“கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற ஓடுதாம்மா நிஜம் சொல்லும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது மண்ணுக்குள்ள மாறிப்போனது. அதை அளந்தா பொய்தான் வரும். நாப்பது தட்டும் வீண். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வர வேணாம்.”

ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, அவள் மைக்ராஸ்கோப்பில் ஒட்டினார். ‘பிடித்ததை எடுக்காதே. சரியானதை எடு.’

மில்லையும் மூடியாகிவிட்டது. இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

“நாப்பதையும் திரும்பப் பொறுக்கித் தரேன் சார்.”

ஈர பிரஷ் நுனியில் ஒவ்வொன்றாக, நாலு மாதம். கழுத்து மரத்தது, கண் எரிந்தது, அவள் விடவில்லை. சந்தேகம் வந்த ஓட்டைத் தொடவே இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று, தட்டுக்குப் பத்து ஓடுகளைத் தனியே, தட்டு நம்பர் போட்டு எடுத்து வைத்தாள்.

வெளியூர் லேபிலிருந்து முடிவு வந்த அன்று சாரே கூப்பிட்டார்.

“வா காத்தாயி. எல்லாம் நீ பொறுக்கினதுதான்.”

கம்ப்யூட்டரில் தட்டுக்கு ஒன்றாக நாற்பது புள்ளிகள். நடுவில் மேலே ஏறும் ஒரு கோடு.

“கடல் சீராச் சூடேறியிருக்கு பாத்தியா? சென்னை ஆராய்ச்சிக் கூட்டத்துல நான் முன்னாடியே சொன்னேன்.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஆறு புள்ளிகள் மட்டும் கோட்டுக்கு ரொம்பக் கீழே கிடந்தன. சார் அவற்றை ஒவ்வொன்றாக அழித்தார்.

“ஏன் சார்?”

“வெளுத்த ஓடா இருக்கும். பொய் சொல்லுது.”

“எந்தத் தட்டு சார்?”

“பதினேழுலேருந்து இருபத்திரண்டு.”

காத்தாயி பீரோவைத் திறந்து, அந்த ஆறு தட்டிலிருந்தும் எடுத்து வைத்திருந்த ஓடுகளைக் கொண்டுவந்தாள்.

“பாருங்க சார்.”

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். அறுபது ஓடும் கண்ணாடி. ஒன்றில்கூட வெளுப்பில்லை. நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“சரிதான். ஆனா இதைச் சேத்தா, நான் கூட்டத்துல சொன்னது தப்புன்னு ஆயிடும். உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? போய் வேலையைப் பாரு.”

வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

தன் மைக்ராஸ்கோப்பில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழியாமல் உரித்தாள். கொண்டுவந்து அவருடைய கம்ப்யூட்டரில் ஒட்டினாள்.

“இத்தனை நாளா இது எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன், சார்.”